எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழுமா? பழைய போர் விமானங்களின் சறுக்கலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டீசீ-8 விமானம் ஒன்று நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் இறந்தார்கள். மஸ்கெலியாப் பக்கத்தில் பிறந்தவர்கள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். ஆனால் அங்கே நடந்ததைப் பற்றிப் பேசும்போது, "எஞ்சின் நின்றுபோய்க் கல் மாதிரி விழுந்துவிட்டது" என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். நடந்தது அதுவல்ல. எஞ்சின் கோளாறு அதற்குக் காரணமும் அல்ல. கட்டுநாயக்காவில் தரையிறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்த விமானம், தான் இருக்கும் இடம் தவறாகக் கணிக்கப்பட்டதால் மலையில் மோதியது.

அந்தச் சோகத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. "கல் மாதிரி" என்ற அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் எழுத வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதும் இதே சொற்கள் வந்துவிடுகின்றன. "அந்தக் காலத்து உலோக விமானம், எவ்வளவு பாரம், எஞ்சின் நின்றால் அவ்வளவுதான்" என்கிறார்கள். ஒரு கல்லுக்கும் எஞ்சின் நின்ற ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அதைப் புரிந்துகொள்ள மலையகத்தில் வாழும் நமக்குச் சரிவும் லொறியும் ரயில் பாதையும் போதும்.

காற்றில் ஒரு சரிவு

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கீழே கோவாவும் கரட்டும் கொண்டுபோகும் லொறியை எண்ணிப் பாருங்கள். அந்த இறக்கத்தில் எஞ்சின் ஓடாவிட்டாலும் லொறி ஓடும். அதன் எடையே அதை முன்னோக்கி இழுக்கிறது. உயரத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்கிக்கொள்கிறது என்றும் சொல்லலாம்.

எஞ்சின் நின்ற விமானமும் இதையே செய்கிறது. அதற்குத் தார்ச்சாலை கிடையாது. தன் சரிவைக் காற்றிலேயே அமைத்துக்கொள்கிறது. விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தியதும் எடையின் ஒரு சிறு பங்கு முன்பக்கம் இழுக்கத் தொடங்குகிறது. விமானம் ஓடிக்கொண்டே இருப்பதால் இறக்கையின் மேலும் கீழும் காற்று பாய்ந்துகொண்டே இருக்கிறது.

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். எஞ்சின்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நினைக்கிறார்கள். தூக்கிப் பிடிப்பது இறக்கை. இறக்கையின் மீது பாயும் காற்று மேல்நோக்கித் தரும் விசையைத் தூக்குவிசை என்கிறோம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் விமானத்தைக் காற்று பின்பக்கமாகப் பிடித்து இழுக்கிறது. அதற்குப் பின்னிழுப்பு என்று பெயர். எஞ்சினின் வேலை அந்தப் பின்னிழுப்பை ஈடுசெய்வது மட்டும்தான். எஞ்சின் நின்றுவிட்டால் பின்னிழுப்புக்கான கடனை யாராவது கட்டியாக வேண்டும். அதை உயரம் கட்டுகிறது.

ஒரு மீட்டர் உயரத்துக்கு எத்தனை மீட்டர் தூரம்

ஒரு மீட்டர் இறங்கும்போது எத்தனை மீட்டர் முன்னே போக முடியும் என்பதே சறுக்கு விகிதம். 10 மீட்டர் போனால் விகிதம் 10. தூக்குவிசையைப் பின்னிழுப்பால் வகுத்தாலும் இதே எண்தான் வரும். பின்னிழுப்பு குறையக் குறையச் சரிவு தட்டையாகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நம் மலைநாட்டு ரயில் பாதையில் பல இடங்களில் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. பட்டிப்பொலைக்கு அருகே 1,898 மீட்டர் உயரம்வரை ரயில் இப்படித்தான் மெல்ல மெல்ல ஏறிப் போகிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாய்வு கண்ணுக்கே தெரியாது. எஞ்சினே இல்லாத இன்றைய நல்ல கிளைடர் ஒன்று ஏறத்தாழ அந்த அளவு மென்மையான சரிவில் காற்றில் இறங்கி வரும். போர் விமானத்தால் அது முடியாது. ஆனால் அது கல்லும் அல்ல. அமெரிக்காவின் பி-51டீ மஸ்டாங் போர் விமானத்துக்குக் கணக்கிடப்பட்ட உச்ச விகிதம் 14.6. முதல் உலகப் போரின் இரட்டை அடுக்கு இறக்கை விமானமான சொப்வித் கேமலுக்கு அது 7.7 மட்டுமே.

இந்த எண்களை ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்று அழைக்கப்படும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துப் பார்க்கலாம். அங்கே பள்ளம் சுமார் 870 மீட்டர் என்பார்கள். கல்லைப் போட்டால் அது பாறையை ஒட்டி நேரே கீழே போகும். அதே உயரத்தைச் செலவு செய்து கேமல் 6.7 கிலோமீட்டர் போய்விடும். மஸ்டாங், அதன் உச்ச விகிதம் முழுதாகக் கிடைத்தால், 12.7 கிலோமீட்டர் போகும். "கிடைத்தால்" என்று சொல்லக் காரணம் உண்டு; மூக்கில் இருக்கும் புரொப்பெல்லர் அதைக் கெடுக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாரம் கூடினால் தூரம் குறையுமா?

குறையாது. நான் சொல்லி யாரும் முதல் தடவையிலேயே நம்பாத விஷயம் இது. அதனால் மறுபடியும் லொறிக்கு வருவோம்.

ஒரே இறக்கத்தில் வெற்று லொறி ஒன்றும் மூட்டை ஏற்றிய லொறி ஒன்றும் இறங்குகின்றன. சாலையின் சரிவு இரண்டுக்கும் ஒன்றுதான். பாரம் ஏற்றியது வேகமாகப் போகும், அவ்வளவே. விமானத்திலும் அப்படித்தான். எடை கூடினால் அதே சரிவில் இன்னும் வேகமாக இறங்கி, அதே இடத்தை முன்னதாகவே அடையும். எடை 21 சதவீதம் கூடினால் சிறந்த சறுக்கு வேகம் 10 சதவீதம் கூடும். சறுக்கு விகிதம் மாறாது. போட்டிகளில் பறக்கும் கிளைடர்கள் வேகத்துக்காகவே இறக்கைகளில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஏறுகின்றன. தரையிறங்கும் முன் அதைத் திறந்து கொட்டிவிடுகின்றன.

ஆகவே "பாரமான போர் விமானம்" என்பது அது விழும் என்பதற்குக் காரணமாகாது. தரையைத் தொடும்போது வேகம் அதிகமாக இருக்கும் என்பதுதான் அந்தப் பாரத்தின் உண்மையான ஆபத்து.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இறக்கை தூக்குகிறது, பின்னிழுப்பு கடன் வாங்குகிறது, உயரம் அந்தக் கடனைக் கட்டுகிறது. எடை வேகத்தை மாற்றுகிறது, சரிவை மாற்றுவதில்லை. இனி அந்தப் பின்னிழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பின்னிழுப்பு இரண்டு வகை

முதல் வகை எளிது. ஹப்புத்தளையில் காற்று வீசும் நாளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கு படபடவென்று அடித்து அவர்களைப் பின்னே இழுக்கும். காற்றுக்குக் குறுக்கே நிற்கும் எதுவும் இப்படி இழுபடும். விமானத்தின் உடல், இறக்கையின் தோல், சக்கரம், ரேடியேட்டர், ஆணித்தலை என்று எல்லாம் சேர்ந்து தரும் இழுப்பை உடல் பின்னிழுப்பு என்று சொல்லலாம். வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும்.

ஆணித்தலையா என்று கேட்பீர்கள். ஆம், ஆணித்தலைதான். ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரியை உருவாக்கியபோது, உலோகத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் வெளியே தெரியாதபடி தட்டையாக அடித்திருந்தார்கள். அது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. குமிழ்த்தலை ஆணிகளைப் போட்டால் எவ்வளவு வேகம் போகும் என்று அறிய, ஒவ்வொரு ஆணியின் மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பு ஒன்றைப் பசை வைத்து ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. பிறகு பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, எந்தப் பகுதியில் குமிழ்த்தலை இருந்தால் பெரிய நட்டமில்லை என்று கண்டுபிடித்தார்கள். பொறியியலில் இதைவிட அழகான சோதனையை நான் அறியேன். கடையில் அள்ளிக் கொடுக்கும் பருப்பு, காற்று எதையெல்லாம் கவனிக்கிறது என்று காட்டிவிட்டது.

நம் நாட்டு வானிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துணைக்கு வந்த ஸீரோ போர் விமானங்கள் சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். குண்டு போட வந்த ஐச்சி விமானங்களின் சக்கரங்களோ மடங்காமல் கீழே தொங்கிக்கொண்டே வந்தன. எதிர்த்து ரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களின் பின்னுடல் துணியால் மூடப்பட்டது, இறக்கை தடித்தது. தொடக்ககால ஹரிக்கேனுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் ஒரே மெர்லின் எஞ்சின்தான். இருந்தும் ஸ்பிட்ஃபயர் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் முந்தியது. எஞ்சின் ஒன்றாக இருக்கும்போது அந்த வித்தியாசம் முழுவதும் பின்னிழுப்பின் கணக்கில்தான் சேர வேண்டும்.

இரண்டாம் வகை சற்று நுட்பமானது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதால்தான் விமானம் மேலே நிற்கிறது. கனமான மூட்டையைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்குச் சிறு பாரம். இரண்டு பேர் தூக்கினால் இடுப்பு ஒடியும். இங்கே ஆட்கள் என்பது இறக்கை எட்டிப் பிடிக்கும் காற்று. வேகமாகப் போனால் ஒவ்வொரு நொடியிலும் நிறையக் காற்று கைக்கு வரும். ஒவ்வொன்றையும் இலேசாகத் தள்ளினால் போதும். மெதுவாகப் போனால் கிடைக்கும் கொஞ்சக் காற்றைப் பலமாகத் தள்ள வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தின் விலையே தூக்கின் பின்னிழுப்பு. வேகம் கூடினால் இது குறைகிறது. இறக்கை நீண்டு குறுகியதாக இருந்தாலும் குறைகிறது, ஏனென்றால் நீண்ட இறக்கை அகலமான காற்றுப் பரப்பை எட்டிப் பிடிக்கிறது. கிளைடருக்கு அவ்வளவு நீண்ட இறக்கை எதற்கு என்பதும் இப்போது புரியும்.

இரண்டு வகையும் ஒரு விமானத்தில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று டக்கோட்டா. 1947இல் எயார் சிலோன் தன் சேவையைத் தொடங்கியது இந்த டீசீ-3 பயணி விமானங்களில்தான். பருத்த உடல், வழவழப்பில் மஸ்டாங்கோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அதன் சறுக்கு விகிதம் 14.7, மஸ்டாங்கைவிட ஒரு மயிரிழை மேல். உடலால் இழந்ததை நீண்ட இறக்கையால் மீட்டுக்கொண்டது. ஒயிலாக இருப்பது வேகமாகப் போகும் என்பது சரி. தூரம் சறுக்கும் என்பதற்கு அது மட்டும் போதாது.

மூக்கைத் தூக்கினால் என்ன ஆகும்?

வேகம் கூடினால் ஒரு பின்னிழுப்பு ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. இரண்டும் சமமாகும் ஒரு வேகம் உண்டு. அங்கேதான் மொத்தப் பின்னிழுப்பு மிகக் குறைவு. அதுவே சிறந்த சறுக்கு வேகம்.

தரை நெருங்கும்போது மனிதக் கை தானாகவே மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று தோன்றும். உண்மையில் வேகம் குறைந்து, தூக்கின் பின்னிழுப்பு ஏறி, விமானம் முன்னதாகவே தரைக்கு வந்துவிடும். இன்னும் தூக்கினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகித் தூக்குவிசையே அறுந்துபோகும். "கல் மாதிரி" என்ற சொல் ஓரளவு பொருந்தும் ஒரே நிலை அதுதான். அதை உண்டாக்குவது நின்றுபோன எஞ்சின் அல்ல, பதறிய கை.

இழுத்துச் சென்றதே பிடித்து இழுக்கும்போது

இப்போது புரொப்பெல்லர். ரம்பொடை இறக்கத்தில் என் மாமாவின் லொறியில் சிறுவனாக உட்கார்ந்து வந்திருக்கிறேன். வளைவுகள் தொடங்கும் முன் அவர் இரண்டாம் கியருக்கு மாற்றுவார். லொறி முனகும், பிரேக்கில் கால் வைக்காமலேயே வேகம் அடங்கும். "ஏன் மாமா இப்படிக் கத்துகிறது?" என்று கேட்டபோது, "இப்போது எஞ்சின் சக்கரத்தைச் சுற்றவில்லை, மருமகனே. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. அது முரண்டு பிடிக்கிறது" என்றார். கியர் நெம்புகோலில் வைத்திருந்த அவர் இடக்கை அதிர்ந்துகொண்டிருந்தது.

புரொப்பெல்லரைப் பற்றிப் பல வருடங்களுக்குப் பிறகு படித்தபோது அந்த முனகல்தான் காதில் கேட்டது. எஞ்சின் செத்ததும் எதிர்க்காற்று புரொப்பெல்லரைக் காற்றாலை போலச் சுழற்றுகிறது. புரொப்பெல்லர் எஞ்சினைச் சுழற்றுகிறது. உள்ளே பிஸ்டன்கள் முரண்டு பிடிக்கின்றன. அந்த வேலைக்கான சக்தி முழுவதும் விமானத்தின் ஓட்டத்திலிருந்து, அதாவது உயரத்திலிருந்து, உறிஞ்சப்படுகிறது.

"தானாகச் சுற்றிக்கொண்டிருந்தால் நல்லதுதானே, காற்றுக்கு வழி விடுமே" என்று பலர் நினைக்கிறார்கள். மகோகனி மரத்தின் இறகு விதையை எடுத்து மேலே எறிந்து பாருங்கள். சுழன்று இறங்கும் விதை மெல்ல வரும். இறகைப் பிய்த்துவிட்டு எறிந்தால் நேரே விழும். சுழலும் தகடு காற்றைப் பெரிய வட்டமாகப் பிடித்துத் தடுக்கிறது. மெல்ல இறங்க வேண்டிய விதைக்கு அது உதவி. முன்னே போக வேண்டிய விமானத்துக்கு அது தலைக்கு முன்னால் விரித்த குடை.

இதற்கும் கியர் உண்டு. புரொப்பெல்லர் தகடு காற்றைச் சந்திக்கும் கோணத்தை மாற்றலாம். அதைத் தகட்டுக் கோணம் என்போம். தகடு தட்டையாக இருப்பது லொறியின் கீழ்க்கியர் போல: வேகமாகச் சுழலும், பலமாகத் தடுக்கும். தகடு நன்றாகத் திரும்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டுவது மேல்கியர் போல: மெல்லச் சுழலும், குறைவாகத் தடுக்கும். இரட்டை எஞ்சின் விமானங்கள் பலவற்றில் தகட்டை முழுவதுமாகத் திருப்பிச் சுழற்சியையே நிறுத்திவிட முடியும். அன்றைய ஒற்றை எஞ்சின் போர் விமானங்களில் பொதுவாக அந்த வசதி இல்லை. விமானியால் செய்யக்கூடியது, புரொப்பெல்லர் பிடியைக் கடைசிவரை பின்னே இழுத்துத் தகட்டை இயன்றவரை திருப்பி வைப்பதுதான். அதையும், தகட்டைத் திருப்பும் எண்ணெய் அழுத்தம் மிஞ்சியிருந்தால்தான் நம்பலாம்.

எவ்வளவு இழப்பு? தட்டையான கோணத்தில் வேகமாகச் சுழலும் புரொப்பெல்லர், விமானத்தின் மொத்த உடல் பின்னிழுப்புக்குச் சமமான இன்னொரு பின்னிழுப்பைச் சேர்க்கக்கூடும். மஸ்டாங்கின் உடல் பின்னிழுப்பு முழுவதும் ஏறத்தாழ 0.35 சதுர மீட்டர் தட்டைப் பலகை ஒன்றைக் காற்றுக்கு எதிரே பிடித்ததற்குச் சமம். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு சதுரம். ஒரு முழு விமானத்தை அந்த அளவுக்குச் சுருக்கக் கைவினைஞர்களும் கணித அறிஞர்களும் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! எஞ்சின் நின்ற கணத்தில் அதே அளவில் இரண்டாவது பலகை ஒன்று மூக்கில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

உடல் பின்னிழுப்பு இரட்டித்தாலும் விகிதம் பாதியாகாது. மெதுவான ஒரு புதிய சிறந்த வேகத்துக்கு விமானம் நகர்ந்துகொள்ளலாம் என்பதால் 14.6 என்பது சுமார் 10 ஆகும். உலக முடிவிலிருந்து 12.7 கிலோமீட்டர் போயிருக்க வேண்டியது 9 கிலோமீட்டரோடு நிற்கும். பிடியைப் பின்னே இழுத்தால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

சுருக்கமாக: உடல் பின்னிழுப்பு, தூக்கின் பின்னிழுப்பு இரண்டும் சமமாகும் வேகத்தில் சறுக்கல் மிக நீளமானது. தானாகச் சுழலும் புரொப்பெல்லர் உடல் பின்னிழுப்பை ஏற்றிவிடுகிறது. தகட்டைத் திருப்பினால் அது தணியும்.

மலைக்கு மேலே அதே கணக்கு

உயரமானியில் 2,500 மீட்டர் காட்டும்போது எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 10. கொழும்புக்கு மேலே என்றால் 25 கிலோமீட்டர் தூரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். நுவரெலியாவுக்கு மேலே என்றால் தரையே 1,868 மீட்டரில் இருக்கிறது. மிஞ்சுவது 630 மீட்டர் உயரமும் 6 கிலோமீட்டர் தூரமும்தான். பக்கத்தில் நிற்கும் பீதுருதலாகல 2,524 மீட்டர். அது விமானியின் தலைக்கு மேலே நிற்கும்.

அந்த உயரத்தில் காற்றும் மெலிந்தது. சறுக்கு விகிதம் அதனால் மாறாது; அதே சரிவில் விமானம் சுமார் 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் இறங்கும். எதிர்க்காற்று வீசினால் தரைக்கணக்கில் தூரம் குறையும். மலை முகட்டில் மோதி மேலே ஏறும் காற்று கருங்கழுகைச் சிறகடிக்காமலே தூக்கி நிறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம்; அதே காற்று முகட்டைத் தாண்டியதும் மறுபக்கம் கீழே கொட்டும். அந்தப் பக்கம் மாட்டிய விமானத்துக்குப் புத்தகத்தில் உள்ள விகிதம் கிடைக்காது.

மணிக்கு 220 கிலோமீட்டர் வேகம் என்று எடுத்துக்கொண்டால் அந்த 6 கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் விமானி மூக்கைத் தாழ்த்திச் சரியான வேகத்தைப் பிடிக்க வேண்டும், புரொப்பெல்லர் பிடியைப் பின்னே இழுக்க வேண்டும், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தட்டையான ஒரு துண்டு நிலத்தைத் தேட வேண்டும். சக்கரங்களை அவர் வெளியே விடமாட்டார். விட்டால் பின்னிழுப்பு ஏறும். கரடுமுரடான நிலத்தில் சக்கரம் சிக்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும். மெதுவாகத் தரையிறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புத் தகடுகளைக் கீழே இறக்குவதும் நிலம் உறுதியாகக் கைக்கு எட்டிய பிறகுதான். அதன்பின் வயிற்றால் புல்லைத் தேய்த்துக்கொண்டு விமானம் இறங்கும்.